பழைய பிக்கப் வண்டிகளில் இருக்கைப் பட்டை பொருத்துதல்

பழைய பிக்கப் வண்டிகளில் இருக்கைப் பட்டை பொருத்துதல் என்பது, தொழிற்சாலையிலிருந்து இருக்கைப் பட்டை இன்றி வெளிவந்த சிறு சரக்கு வண்டிகளில் ஓட்டுநருக்கும் உடன் அமர்பவருக்கும் பின்னாளில் பட்டை அமைத்துத் தரும் பணியாகும். பேச்சு வழக்கில் இது சீட் பெல்ட் மாட்டுதல் எனப்படும். பட்டையைக் கடையில் வாங்குவது எளிது. அதை வண்டியின் எந்த இடத்தில், எதனோடு பிணைப்பது என்பதே இதில் கடினமான பகுதி. தவறான இடத்தில் பிணைக்கப்பட்ட பட்டை மோதலின்போது தகட்டோடு பிய்த்துக்கொண்டு வரும். சில சமயம் பட்டையே காயத்துக்குக் காரணமாகும்.

வரலாறு

சுவீடனைச் சேர்ந்த வால்வோ நிறுவனத்தின் பொறியாளர் நில்ஸ் போலின் வடிவமைத்த மும்முனைப் பட்டை 1959இல் விற்பனைக்கு வந்த சீருந்துகளில் இடம்பெற்றது. அதன் காப்புரிமையைப் பிற நிறுவனங்களும் பயன்படுத்த வால்வோ அனுமதித்தது. பட்டை அணிவதை முதலில் சட்டமாக்கியது ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலம் (1970). இந்தியாவில் 1994 மார்ச் 25க்குப் பின் தயாரான சீருந்துகளின் முன்னிருக்கைகளில் பட்டை கட்டாயமாயிற்று. 2002இல் பின்னிருக்கைகளுக்கும் இவ்விதி விரிவுபடுத்தப்பட்டது.

ஆகவே நாட்டின் முதல் தலைமுறை வண்டிகள் எவற்றிலும் பட்டை இல்லை. வடசென்னை இத்தலைமுறையின் பிறப்பிடங்களுள் ஒன்று. ரகுநந்தன் சரண் 1948இல் தொடங்கிய அசோக் மோட்டார்ஸ், எண்ணூரில் ஆஸ்டின் ஏ40 சீருந்துகளைப் பூட்டி விற்றது. 1955இல் அந்நிறுவனம் அசோக் லேலண்ட் என்று பெயர் மாறிற்று. இதே ஏ40 வகையில் பிக்கப்பும் வேனும் பிரித்தானியாவில் தயாராயின. சென்னையை அடுத்த வண்டலூரில் ஸ்டாண்டர்டு மோட்டார் நிறுவனம் சீருந்துகளோடு சிறு சரக்கு வண்டிகளையும் செய்தது. மகிந்திரா நிறுவனத்தின் வில்லிஸ் வகை ஜீப்புகளும், பிரீமியர் நிறுவனத்தின் டாட்ஜ், பார்கோ வண்டிகளும் பிக்கப் உடலோடு நாடெங்கும் ஓடின.

இராயபுரம், காசிமேடு பகுதிகளில் புகழ்பெற்ற மீன்பாடி வண்டி இக்கட்டுரையின் எல்லைக்குள் வராது. அதற்கு ஓட்டுநர் கூண்டு இல்லை. பட்டையைப் பிணைக்க இடமும் இல்லை.

விசையின் அளவு

மணிக்கு 50 கிலோமீட்டர் என்பது நொடிக்கு ஏறத்தாழ 13.9 மீட்டர். இவ்வேகத்தில் செல்லும் 70 கிலோகிராம் எடையுள்ள ஒருவரின் இயக்க ஆற்றல் சுமார் 6,750 சூல். வண்டியின் மூக்கு நசுங்குவதும் பட்டை நீள்வதும் சேர்ந்து அவரை அரை மீட்டர் தொலைவில் நிறுத்துவதாகக் கொண்டால், அவர்மீது செயற்படும் சராசரி விசை 13,500 நியூட்டன். இது ஏறத்தாழ 1.4 டன் எடையைத் தொங்கவிடுவதற்குச் சமம். கைகளால் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு இதைத் தாங்கிவிடலாம் என்பது வெறும் நம்பிக்கையே. பழைய வண்டியின் விறைப்பான சேஸி அரை மீட்டர் நசுங்குவதும் அரிது. தொலைவு குறையும்போது விசை கூடும்.

ஐக்கிய நாடுகள் அவையின் 14ஆம் வாகன ஒழுங்குவிதி, மும்முனைப் பட்டையின் தோள் பகுதியையும் இடுப்புப் பகுதியையும் ஒரே நேரத்தில் தலா 13,500 நியூட்டன் விசையால் இழுத்து, பிணைப்பிடங்கள் தாங்குகின்றனவா எனச் சோதிக்கச் சொல்கிறது. இடுப்புப் பட்டை மட்டும் உள்ள இருக்கைக்கு இவ்விசை 22,250 நியூட்டன். இந்தியாவில் பிணைப்பிடங்களுக்கு ஏஐஎஸ் 015, பட்டைகளுக்கு ஏஐஎஸ் 005 ஆகிய தரங்கள் வகுக்கப்பட்டன. தெருவோரப் பட்டறையில் இச்சோதனையைச் செய்ய இயலாது. அதனால்தான் கீழ்க்காணும் நடைமுறைகளில் தாராளமான பாதுகாப்பு வரம்பு வைக்கப்படுகிறது.

துருவைச் சோதித்தல்

கடற்கரையை ஒட்டி ஓடிய வண்டிக்கு இதுவே முதல் வேலை. திருவொற்றியூர், எண்ணூர் போன்ற இடங்களில் காற்றிலுள்ள உப்பு, தகட்டின் மடிப்புகளில் ஈரத்தைப் பிடித்து வைக்கிறது. மீன் ஏற்றிய வண்டியானால் பெட்டிகளிலிருந்து வடிந்த உப்பு நீரும் சேர்ந்து, கூண்டின் பின்சுவரும் தரையும் கூடுமிடத்தைத் தின்றிருக்கும். பட்டையின் இரு கீழ்முனைகளும் அமையவேண்டிய இடமும் அதுவே.

மேலே பட்டி பார்த்து வண்ணம் அடித்திருந்தால் கண்ணுக்கு எதுவும் தெரியாது. எனவே மிதியடியை எடுத்துவிட்டு, அடிப்பக்கத் தாரைச் சுரண்டி, சிறு சுத்தியலால் தட்டிப் பார்க்கவேண்டும். நல்ல தகடு கணீரென ஒலிக்கும். பட்டி நிரம்பிய இடமும் துருப்பிடித்த இடமும் மந்தமாக ஒலிக்கும். காந்தம் பட்டியில் ஒட்டாது. துருப்பிடித்த பகுதியை வெட்டி நீக்கி, நல்ல தகடு வைத்து டிங்கர் வேலை முடித்த பின்னரே துளையிடலாம். துருவின்மேல் தகடு வைத்து மூடுவது பயனற்றது.

பொதுவாகக் கவனிக்கப்படாத ஆபத்து எரிபொருள் தொட்டியாகும். வில்லிஸ் வகை ஜீப்பில் அது ஓட்டுநர் இருக்கைக்கு அடியிலேயே உள்ளது. 1972 வரையான பல செவர்லே பிக்கப்புகளில் கூண்டுக்குள் இருக்கையின் முதுகுக்குப் பின்னால் இருந்தது. துளையிடுமுன்னும் வெல்டிங் செய்யுமுன்னும் தொட்டியைக் கழற்றி வண்டியிலிருந்து அப்பால் வைக்கவேண்டும். காலித் தொட்டி பாதுகாப்பானது என்று எண்ணுவது தவறு. அதில் தங்கியுள்ள ஆவி, நிரம்பிய தொட்டியைவிட எளிதாக வெடிக்கும். தரைக்கு அடியில் செல்லும் பிரேக் குழாய்களையும் மின்கம்பிகளையும் முன்பே குறித்துக்கொள்ளவேண்டும்.

பிணைப்பிடங்கள்

இடுப்புப் பட்டை வயிற்றின்மீது ஏறாமல் இடுப்பெலும்பின்மீது படியவேண்டும். இதற்குப் பக்கவாட்டில் பார்க்கும்போது பட்டை கிடைமட்டத்துடன் 30 முதல் 80 பாகைக்குள் சாய்ந்திருக்க வேண்டும். மிகவும் படுத்திருந்தால் மோதலின்போது உடல் பட்டைக்கு அடியில் வழுக்கிச் சென்று, குடல், கல்லீரல் ஆகியன நசுங்கும். இரு கீழ்முனைகளுக்கும் இடையே குறைந்தது 350 மில்லிமீட்டர் இடைவெளி தேவை.

தோள் முனை, அமர்பவரின் தோள் மட்டத்திலோ அதற்குச் சற்று மேலோ அமையவேண்டும். தோளுக்குக் கீழே, கூண்டின் பின்சுவரில் பிணைத்தால் பட்டை தோளைக் கீழ்நோக்கி இழுத்து முதுகெலும்பை அமுக்கும். பழைய கூண்டுகளின் கதவுத் தூண் வெறும் மெல்லிய தகட்டு மடிப்பே. அதன் உட்புறத்தில் தடித்த தகடு வைத்து வெல்டிங் செய்யாமல் அங்கே தோள் முனையை மாட்டக்கூடாது. தார்ப்பாய்க் கூரையுள்ள ஜீப்பில் தூணே இல்லை. தரையோடு பிணைத்த உருட்டுச் சட்டம் இல்லாவிடில் இடுப்புப் பட்டையோடு நிறுத்திக்கொள்வது நலம். அது தலை ஸ்டியரிங்கில் மோதுவதைத் தடுக்காது. எனினும் வண்டியிலிருந்து வெளியே தூக்கி எறியப்படுவதைத் தடுக்கும். பாடி கட்டும் பட்டறைகளில் மரச்சட்டத்தால் செய்யப்பட்ட கூண்டுகளில் மரத்தோடு எந்த முனையையும் பிணைக்கலாகாது.

கூண்டு, ரப்பர் தாங்கிகளின் வழியே சேஸிமேல் அமர்ந்திருப்பதை மறக்கக்கூடாது. ஒரு முனையைச் சேஸியிலும் மற்றொன்றைக் கூண்டிலும் பிணைத்தால், மோதலில் கூண்டு நகரும்போது பட்டை அமர்ந்திருப்பவரை நெரிக்கும். மூன்று முனைகளும் கூண்டிலேயே இருப்பதும், கூண்டின் தாங்கிகளைப் புதுப்பிப்பதும் பொருத்தமான வழி.

போல்ட்டும் தகடும்

உலகெங்கும் பட்டைகளுக்குப் பயன்படுவது 7/16 அங்குல, அங்குலத்துக்கு 20 மரையுள்ள உயர்வலு போல்ட். துளையின் விட்டம் ஏறத்தாழ 11.5 மில்லிமீட்டர். தரைத் தகட்டின் அடியில், அதாவது இழுவிசைக்கு எதிர்ப்பக்கத்தில், வலுவூட்டும் தகடு வைக்கவேண்டும். பன்னாட்டுத் தானுந்துக் கூட்டமைப்பின் பந்தய விதிகள் இத்தகட்டுக்குக் குறைந்தது 3 மில்லிமீட்டர் தடிப்பும் 40 சதுர சென்டிமீட்டர் பரப்பும் கேட்கின்றன; பழைய தகட்டுக்கு இதனினும் பெரிதாக வைப்பதில் தவறில்லை. அதன் மூலைகளை உருட்டிவிடவேண்டும். கூர்மூலை தரையைக் கத்தரிக்கோல் போல வெட்டும். வாஷரை மட்டும் நம்புவது பட்டறைகளில் காணப்படும் பெரும்பிழை.

துளையின் விளிம்பைத் தேய்த்துத் துத்தநாகப் பூச்சு இடாவிட்டால், இரண்டு மழைக்காலங்களுக்குள் துரு மீண்டும் அங்கேதான் தொடங்கும். முறுக்கியபின் பட்டையின் கொக்கித் தகடு தடையின்றிச் சுழலவேண்டும்.

தானே சுருங்கிக்கொள்ளும் சுருளி உள்ள பட்டையை, தயாரிப்பாளர் சொன்ன கோணத்திலேயே பொருத்தவேண்டும். ஐ.நா.வின் 16ஆம் ஒழுங்குவிதிப்படி அது 12 பாகைக்குள் சாய்ந்தால் பூட்டிக்கொள்ளக் கூடாது. 27 பாகைக்கு மேல் சாய்ந்தால் பூட்டிக்கொள்ள வேண்டும். சுருளியைக் கோணலாக மாட்டினால் அது எப்போதும் பூட்டியே இருக்கும், அல்லது வேண்டிய நேரத்தில் பூட்டாது. புதுப்பேட்டை போன்ற பழைய உதிரிப்பாகச் சந்தைகளில் மலிவாகப் பட்டைகள் கிடைக்கின்றன. விபத்தில் ஒருமுறை இழுபட்ட பட்டையின் இழைகள் நீண்டிருக்கும். அது பார்வைக்குத் தெரியாது. வண்டியின் எல்லாப் பாகத்தையும் பழையதாக வாங்கலாம், பட்டையை வாங்கக்கூடாது.

இருக்கையும் தரையோடு உறுதியாகப் பிணைந்திருக்க வேண்டும். முன்னோக்கி மடியும் முதுகு பூட்டில்லாமல் இருந்தால், மோதலில் அது அமர்ந்திருப்பவரின் முதுகில் வந்து இடிக்கும். நீளிருக்கையில் மூவர் அமர்ந்தால் மூன்று பட்டைகள் தேவை. ஒரே பட்டைக்குள் பெரியவரும் மடியில் குழந்தையும் இருந்தால், பெரியவரின் எடை முழுதும் குழந்தையின்மேல் விழும்.

சட்ட நிலை

1989ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளின் 138ஆம் விதி, பட்டை பொருத்தப்பட வேண்டிய வண்டிகளில் அதை அணிவதைக் கட்டாயமாக்குகிறது. 2019ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டத்தின் 194பி பிரிவு இதை மீறுவோருக்கு 1,000 ரூபாய் அபராதம் விதிக்கிறது. 1988ஆம் ஆண்டுச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, பதிவுச் சான்றிதழிலுள்ள விவரங்களுக்கு முரணாக வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. இருக்கை எண்ணிக்கையையோ உடல் வகையையோ மாற்றும் வேலைக்கு முன் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தை அணுகவேண்டும். 50 ஆண்டு கடந்த தொன்மை வண்டிகளுக்கென 2021இல் வந்த விதிகள், சேஸி, உடற்கூடு, இயந்திரம் ஆகியன மாற்றப்படாமல் இருக்கவேண்டும் என்கின்றன. அவ்விதிகளின்கீழ் பதிய விரும்புவோர், துளையிடுமுன் பிணைப்பிடங்களைப் படமெடுத்து, பின்னர் கழற்றக்கூடிய முறையில் போல்ட் கொண்டு பொருத்துவது வழக்கம்.