மைனஸ் இன்ட்டு மைனஸ்

நேற்று பேத்தி நோட்டோடு வந்து, "மைனஸை மைனஸால பெருக்கினா எப்படி தாத்தா பிளஸ் வரும்?" என்றாள். எனக்குச் சுருக்கென்றது.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஏழாம் வகுப்புப் பையன் ஒருவன் இதே கேள்வியைக் கேட்டான். "விதி அப்படித்தான், எழுதிக்கோ" என்றேன். மறுபடியும் கேட்டான். பெஞ்சு மேல் ஏற்றினேன். அதன்பிறகு அவன் என் வகுப்பில் வாயே திறக்கவில்லை.

பல வருடம் கழித்துக் கணித வரலாறு படித்தபோதுதான் அவன் பக்கம் எவ்வளவு பெரிய ஆட்கள் நின்றார்கள் என்று தெரிந்தது. இத்தாலியின் கார்டானோ 1545-இல் எழுதிய நூலில், சமன்பாட்டுக்குக் குறை எண் விடையாக வந்தால் அதைப் பொய்யான விடை என்றார். கேம்பிரிட்ஜில் படித்த பிரான்சிஸ் மசேரஸ், குறை எண்களை ஏற்க மறுத்து 1758-இல் தனிப் புத்தகமே போட்டார். நியூட்டன் இறந்து 31 வருடம் ஆன பிறகு!

ஆனால் 628-லேயே பிரம்மகுப்தர், தன் முப்பதாவது வயதில், இந்த விதியை எழுதிவிட்டார். நிறை எண்ணுக்கு அவர் வைத்த பெயர் தனம், குறை எண்ணுக்கு ருணம். அதாவது சொத்து, கடன். கடனைக் கடனால் பெருக்கினால் சொத்து என்றார். காரணம் அவரும் சொல்லவில்லை. எனக்கு அந்தக் 'கடன்' என்ற சொல்லே போதுமாக இருந்தது.

அடுத்த வருடத்திலிருந்து பாடத்தை இப்படித்தான் தொடங்கினேன். "மசேரஸ் கட்சி யார்? கை தூக்குங்க." பாதி வகுப்பு தூக்கும். பிறகு கேட்பேன்: "மளிகைக் கடையில் உன் பேரில் ஐந்து ரூபாய்க் கடன் மூன்று இருக்கு. அண்ணாச்சி மூன்றையும் அடித்துவிட்டார். உனக்கு என்ன ஆச்சு?" "பதினைந்து ரூபாய் லாபம் சார்!" கடன் மைனஸ் ஐந்து, மூன்று தடவை எடுத்துவிட்டது மைனஸ் மூன்று. கரும்பலகையில் எழுதும் முன்பே பாதிப் பேருக்குப் புரிந்துவிடும்.

பூஜ்யத்தைப் பூஜ்யத்தால் வகுத்தால் பூஜ்யம் என்று பிரம்மகுப்தரும் ஓரிடத்தில் சறுக்கியிருக்கிறார். இதைச் சொன்னால் கடைசி பெஞ்சு நிமிர்ந்து உட்காரும். அவ்வளவு பெரியவருக்கே தப்பு வந்ததில் அவர்களுக்கு ஒரு சந்தோஷம்.

பேத்திக்கும் அண்ணாச்சி கடைக் கணக்கையே சொன்னேன். "இதை ஏன் புக்குல போடல?" என்று அடுத்த கேள்வி கேட்டுவிட்டுப் போய்விட்டாள்.

அந்தப் பையன் இந்தப் பக்கத்தில் இருக்கிறானா தெரியாது. இருந்தால், தம்பி, நீ கேட்டது சரியான கேள்வி. பெஞ்சு மேல் ஏற்றியது என் தப்பு. ஒரு போன் பண்ணு.