சிறு தானியங்கி வண்டிகள்: செலவு எங்கே ஒளிந்திருக்கின்றது?

கிழக்கின் புகையிரதப் பாதை மட்டக்களப்புடன் முடிவடைகின்றது. அதற்குத் தெற்கே கல்முனை முதல் அக்கரைப்பற்று வரையிலான கரையோர ஊர்களுக்கும், உள்ளே அமைந்த சம்மாந்துறை, வீரமுனை ஆகியவற்றுக்கும் வீதியே துணை. முழுப் புகையிரதம் கிட்டாத இடத்தில், சாரதியின்றி, பயணி அழைத்ததும் வந்து நிற்கும் சிறு வண்டிகளைத் தனிப்பாதையில் ஓட்டினால் செலவு குறையாதா என்ற கேள்வி எழுவது இயல்பே.

இம்முறையின் கவர்ச்சி தெளிவானது. சாரதிக்குச் சம்பளமில்லை, வெறும் வண்டி ஓடுவது குறைவு, இடையில் நிற்காமல் சேருமிடத்தை அடையலாம். ஆனால் பெருஞ்செலவு வண்டியில் இல்லை, பாதையில் இருக்கின்றது. வண்டி சிறிதானாலும் காணி, தூண், நிலையம், கட்டுப்பாட்டுக் கருவி யாவும் வேண்டும். அச்செலவைப் பகிர்ந்துகொள்ளும் பயணிகளோ குறைவு.

அமெரிக்காவின் மோர்கன்டவுன் நகரில் 1975இல் தொடங்கிய சேவை பல்கலைக்கழக வளாகங்களை இணைக்கின்றது. அதன் செலவு முதல் மதிப்பீட்டைப் பல மடங்கு தாண்டியது. கூட்ட நேரங்களில் அங்கும் வண்டிகள் அழைப்பின்படியன்றி நேர அட்டவணைப்படியே ஓடின. இலண்டன் ஹீத்ரோ விமான நிலையத்தில் 2011இல் தொடங்கிய சேவைக்குச் சுமார் 3 கோடி பவுண் செலவானது. பாதையின் நீளம் 4 கிலோமீற்றருக்கும் குறைவு. அதன் 21 வண்டிகளில் ஒரே வேளையில் அமரக்கூடியோர் 84 பேர். இரண்டு பஸ்களின் ஆசனங்களுக்கு அது ஈடாகாது. அபுதாபியின் மஸ்தார் நகரில் 2010இல் ஆரம்பித்தது பரீட்சார்த்தக் கட்டத்தைத் தாண்டவில்லை. அமிர்தசரஸில் 2011இல் அறிவிக்கப்பட்டது கட்டப்படவேயில்லை.

செல்வந்த நாடுகளில் சாரதியின் சம்பளம் பெருஞ்சுமை; அதை மிச்சப்படுத்துவது இலாபம். நம் நாட்டிலோ சம்பளம் ரூபாவில், கருவிகளும் உதிரிப்பாகங்களும் அந்நியச் செலாவணியில். 2022இன் நெருக்கடியைக் கண்டவர்களுக்கு இதன் பொருளை விளக்க வேண்டியதில்லை. பயணிகள் மிகுந்த கொழும்பின் இலகு புகையிரதத் திட்டமே செலவைக் காரணங்காட்டி 2020இல் கைவிடப்பட்டது.

அழைத்தால் வரும் சிறு வண்டி நமக்குப் புதிதுமல்ல. முச்சக்கர வண்டி அப்பணியை வீதியிலேயே செய்கின்றது. நம் ஊர்கள் ஒரே நெடுஞ்சாலையில் கோத்தாற்போல் அமைந்திருப்பதும் பஸ்ஸுக்கே வாய்ப்பானது. எனவே மட்டக்களப்புப் புகையிரத நேரங்களுடன் பொருந்தும் பஸ் சேவையும், உள்ளூர்களிலிருந்து அதற்கு இணைப்பும் முதலில் தேவை. கூடவே, எதிர்காலப் பாதைக்கான காணியை இன்றே ஒதுக்க வேண்டும். வீடுகளும் கடைகளும் நெருங்கிய பின்னர் அந்நிலத்தை மீட்பதே எல்லாவற்றிலும் பெருஞ்செலவாகும்.