திண்டிவனத்தின் பேர் சொல்லும் விதை

மேல்சித்தாமூர் என்றதும் வெளியூர்க்காரர்களுக்கு நினைவுக்கு வருவது ஜினகாஞ்சி மடமும் பார்சுவநாதர் கோயிலும்தான். தமிழ்ச் சமணர்களின் தலைமைப் பீடம் இருக்கும் ஊர் என்ற பெருமை நமக்கு என்றும் உண்டு. மடத்தை வணங்கும் நயினார் குடும்பங்களிலும் ஊரின் மற்றக் குடும்பங்களிலும் பெரும்பாலோர் விவசாயிகள். செஞ்சிக்கும் திண்டிவனத்துக்கும் நடுவே கிடக்கும் இந்த மண்ணில் அவர்கள் தலைமுறை தலைமுறையாகப் போட்டு வந்த பயிர் மல்லாட்டை என்னும் நிலக்கடலை. அந்தப் பயிருக்காக உழைத்த திண்டிவனம் எண்ணெய் வித்துக்கள் ஆராய்ச்சி நிலையத்தின் கதைக்கும் நம் மலரில் இடம் இருக்க வேண்டும்.

தென்னாற்காட்டு மல்லாட்டை 19ஆம் நூற்றாண்டிலேயே புதுச்சேரியில் கப்பலேறி, பிரான்சின் மார்சேய் நகருக்குப் போய், எண்ணெயாகவும் சோப்பாகவும் மாறியது. அந்த நூற்றாண்டின் முடிவில் இங்கே விளைச்சல் சரிந்தபோது அயல்நாட்டு விதைகளைத் தருவித்துத்தான் பயிரை மீட்டார்கள். பல்கலைக்கழகங்கள் ஒப்பந்தம் போட்டுக் கூட்டாய்வு நடத்தும் காலத்துக்கு வெகு முன்பே, கண்டம் விட்டுக் கண்டம் விதை கைமாறிக்கொண்டிருந்தது.

அந்த வழியில்தான் திண்டிவனம் நிலையம் வளர்ந்தது. அங்கே உருவான ரகங்கள் திண்டிவனத்தைக் குறிக்கும் டி.எம்.வி. என்ற பெயர் தாங்கி வந்தன. டி.எம்.வி. 1 மேற்கு ஆப்பிரிக்காவின் சலூம் ரகத்திலிருந்து தேர்ந்தெடுத்தது. 1967இல் வந்த டி.எம்.வி. 7இன் மூலம் அமெரிக்காவின் டென்னசி ஒயிட். இவற்றுக்கு நடுவே, நம் பக்கத்துக் குடியாத்தம் கொத்து ரகத்திலிருந்து பொறுக்கி எடுத்து 1940இல் வெளியிட்டது டி.எம்.வி. 2. ஏறக்குறைய 105 நாளில் அறுவடைக்கு வரும் அந்த ரகம் தமிழ்நாட்டோடு நிற்கவில்லை. கர்நாடகத்தின் மானாவாரி நிலங்களிலும் ஆந்திரத்தின் அனந்தப்பூரிலும் பல பத்தாண்டுகள் அதுதான் ஆண்டது.

அதற்கும் ஒரு குறை இருந்தது. டிக்கா இலைப்புள்ளியும் துருநோயும் சேர்ந்து வந்தால் அது தாங்காது. இலை கொட்டி, பாதி மகசூல் போய்விடும். மருந்தடிக்க வசதியில்லாத மானாவாரி விவசாயிக்கு, மலாவியில் இருந்தாலும் செஞ்சியில் இருந்தாலும், இதே துயரம்தான்.

இந்நோய்களுக்கு விடை கிடைத்தது பொலிவியாவின் காட்டு நிலக்கடலை ஒன்றில். 1960களில் அமெரிக்காவின் வட கரோலினா மாநிலப் பல்கலைக்கழகத்தில் அதைப் பயிர் நிலக்கடலையோடு இணைத்தார்கள். அந்த வம்சம், 1972இல் ஐதராபாத் அருகே பட்டான்செருவில் தொடங்கிய இக்ரிசாட் என்ற பன்னாட்டுப் பயிர் ஆராய்ச்சி நிறுவனத்துக்கு வந்தது. அங்கிருந்து தார்வாட் வேளாண் பல்கலைக்கழகத்துக்குப் போய் ஜி.பி.பி.டி. 4 என்ற நோய் தாங்கும் ரகமாயிற்று. பிறகு அதே தார்வாட் ஆய்வாளர்கள் நம் டி.எம்.வி. 2ஐ அதனுடன் சேர்த்து, மீண்டும் மீண்டும் டி.எம்.வி. 2உடனேயே கலந்து, மரபணு அடையாளம் பார்த்துத் தேர்ந்து, பழைய குணம் மாறாமல் நோய் எதிர்ப்பை மட்டும் ஏற்றினார்கள். பொலிவியக் காட்டுச் செடியின் பலன் இன்று 30 நாடுகளின் ரகங்களில் இருக்கிறது. எந்தத் தனி நாடும் தனி நிறுவனமும் தன்னந்தனியாக இதைச் செய்திருக்க முடியாது.

இந்த ஒட்டுச் சேர்க்கையில் எந்திரத்துக்கு வேலை குறைவு, கைக்கு வேலை அதிகம். மாலையில் மொட்டைப் பிரித்து, இடுக்கியால் மகரந்தப் பைகளை ஒவ்வொன்றாக எடுத்துவிட வேண்டும். மறுநாள் காலை வெயில் ஏறுமுன் வேறு ரகத்தின் மகரந்தத்தைத் தடவி, நூல் கட்டி அடையாளம் வைக்க வேண்டும். பூ கருவுற்றால் விழுது மண்ணுக்குள் இறங்கும். அவ்வளவு பாடுபட்டும் ஒரு பூவிலிருந்து கிடைப்பது இரண்டொரு பருப்பு. பெரிய விஞ்ஞானிகளின் பெயர் கட்டுரையில் வரும்; குனிந்து உட்கார்ந்து இதைச் செய்யும் வயல் உதவியாளர்களின் பெயர் பெரும்பாலும் வருவதில்லை. அவர்களுக்கும் இந்த மலர் நன்றி சொல்லட்டும்.

நம் பல்கலைக்கழகமும் இந்தக் கொடுக்கல் வாங்கலில் பங்கு கொண்டதுதான். இக்ரிசாட் தந்த வரிசையொன்றைத் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் இங்கே சோதித்து, வறட்சி தாங்கும் கோ 7 என்று 2013இல் வெளியிட்டது. அறிவு எங்கிருந்தோ வந்து நம் கொல்லையில் காய்த்தது என்று சொல்ல இது போதும்.

சிக்கல் அதற்குப் பிறகுதான். நெல்லில் கொஞ்சம் விதை பெருகிப் பெரும்பரப்புக்கு எட்டிவிடும். மல்லாட்டையில் ஏக்கருக்கு 50 கிலோ பருப்பு விதைக்க வேண்டும். திரும்பக் கிடைப்பதோ ஒன்றுக்குப் பத்து என்றாலே பெரிது. ஆய்வுக்கூடத்தில் நல்ல ரகம் பிறந்தாலும் அது ஊருக்குள் வர ஆண்டுக்கணக்காகும். 1940இல் வந்த டி.எம்.வி. 2 அத்தனை காலம் நீடித்ததற்கு அதன் தரம் ஒரு காரணம். புது விதை விவசாயி கைக்கு எட்டாதது இன்னொரு காரணம். கூட்டாய்வின் வெற்றியைக் கட்டுரைகளின் எண்ணிக்கையால் அளப்பதை நான் ஏற்கமாட்டேன். விதைப்பருவத்தில் விவசாயியின் மூட்டையில் என்ன விதை இருக்கிறது என்று பார்த்துத்தான் அளக்க வேண்டும்.

அந்த வேலையில் பாதி நம்முடையது. வரும் மார்கழிப் பட்டத்தில் தண்ணீர் வசதியுள்ள குடும்பங்கள் சில சேர்ந்து ஓர் ஏக்கராவது விதைப்பண்ணையாக ஒதுக்குங்கள். நிலையத்திலிருந்து ஆதார விதை கேட்டு வாங்கி, விதைச் சான்றளிப்புத் துறையில் பதிவு செய்யுங்கள். அந்த அறுவடையை ஆலைக்கு அனுப்பிவிடாமல், பக்கத்துக் கொல்லைக்காரருக்கு விதையாகக் கொடுங்கள்.