பயம் இருந்தது... இறங்கவில்லை!

1984, மே 16. நள்ளிரவு. எவரெஸ்ட்டுக்கு ஏறும் வழியில், சுமார் 24,000 அடி உயரத்தில், கூடாரத்துக்குள் தூங்கிக்கொண்டிருந்தார் பச்சேந்திரி பால். திடீரென மேலிருந்து சரிந்து வந்த பனி, கூடாரத்தை அப்படியே மூடியது. தலையின் பின்பக்கம் பலத்த அடி! உடனிருந்தவர் கத்தியால் கூடாரத்தைக் கிழித்து, பனியைத் தோண்டி அவரை வெளியே இழுத்தார்.

காயம்பட்ட பலரும் கீழே இறங்கிவிட்டார்கள். குழுத் தலைவர் கர்னல் குல்லர் விசாரித்தபோது, பயந்துபோனதை பச்சேந்திரி மறைக்கவில்லை. ஆனால், திரும்பிப் போக மட்டும் மறுத்துவிட்டார். ஒரே வாரம்... மே 23 அன்று சிகரத்தில் நின்றார், எவரெஸ்ட்டைத் தொட்ட முதல் இந்தியப் பெண்ணாக!

'இவங்களுக்கெல்லாம் பயமே கிடையாதா?' என்றுதானே நாம் வியக்கிறோம்? உண்டு. நிறையவே உண்டு! சாகச மனசை அளப்பதற்கென்றே 1960-களில் ஒரு கேள்வித்தாள் தயாரித்தார், மார்வின் ஸுக்கர்மன் என்ற அமெரிக்க உளவியலாளர். அவர் சொன்னதன் சாரம் இதுதான்: இவர்கள் தேடிப்போவது ஆபத்தை அல்ல, புதிய, தீவிரமான அனுபவத்தை. ஆபத்து என்பது அதற்காகக் கொடுக்கச் சம்மதிக்கும் விலை!

இந்த விலை ஆணுக்கும் பெண்ணுக்கும் பொது. பெண்ணுக்கு மட்டும் இன்னொரு விலையும் உண்டு.

ஜப்பானின் ஜுன்கோ தபெய், பெண்கள் குழுவோடு எவரெஸ்ட் கிளம்பப் பணம் திரட்டியபோது, 'வீட்டிலிருந்து பிள்ளையைப் பாரும்மா' என்கிற ரீதியில்தான் அறிவுரை கிடைத்தது. அவருக்குச் சின்னஞ்சிறு மகள். அவரும் பனிச்சரிவில் புதைந்து மீட்கப்பட்டவர்தான். 12 நாள் கழித்து, 1975 மே 16-ல் எவரெஸ்ட்டில் ஏறிய உலகின் முதல் பெண் ஆனார்.

1995 ஆகஸ்ட்டில் 'கே-2' சிகரத்திலிருந்து இறங்கும்போது புயலில் சிக்கி இறந்தார், பிரிட்டனின் அலிசன் ஹார்கிரீவ்ஸ். இரண்டு குழந்தைகளின் தாய். 'ஒரு அம்மா இப்படிப் போகலாமா?' என்று அவருடைய நாட்டுப் பத்திரிகைகளே பொரிந்து தள்ளின. 1924-ல் எவரெஸ்ட்டில் மறைந்த ஜார்ஜ் மல்லோரிக்கு மூன்று குழந்தைகள். அவருக்கோ வீரர் பட்டம்!

2023-ல், அதே மே 23 அன்று, விருதுநகர் மாவட்டத்தில் பிறந்த முத்தமிழ்ச்செல்வி எவரெஸ்ட் ஏறினார். தமிழகத்திலிருந்து முதல் பெண். இவரும் இரண்டு குழந்தைகளின் தாய்தான்.

'பயமா இல்லையா?' என்று இவர்களிடம் தாராளமாகக் கேட்கலாம். 'பிள்ளைங்களை யார் பார்த்துக்கிட்டாங்க?' என்ற கேள்வியை மட்டும், மலையேறிய அப்பாக்களிடம் முதலில் கேட்டுவிட்டு வருவோமே!