ஷெர்லி டெம்பிள், டர்ட்டி ஷெர்லி: பார்க்க ஒரே மாதிரி இருக்கும் இரண்டு கிளாஸ்களை வீட்டில் செய்வது எப்படி?

சனிக்கிழமை இரவு, நண்பர் ஒருவரின் வாடகை ஃபிளாட். மேசையில் வரிசையாக உயரமான கிளாஸ்கள். எல்லாவற்றிலும் அடியில் சிவப்பு, மேலே பொன்னிறம், உச்சியில் ஒரு செர்ரி. மது குடிக்காத தோழி ஒருத்தி அதில் ஒன்றை எடுத்து பாதி குடித்துவிட்டாள். "இது வோட்கா போட்டதுல்ல?" என்று பக்கத்தில் இருந்தவர் கேட்ட பிறகுதான் தெரிந்தது. அவளுக்கு ருசியில் எந்த வித்தியாசமும் தெரியவில்லை. கீழே பார்க்கிங்கில் அவளுடைய ஸ்கூட்டர் நின்றிருந்தது. அன்று அவள் கேபில்தான் வீட்டுக்குப் போனாள்.

அந்த பானத்தின் பெயர் ஷெர்லி டெம்பிள். அதில் வோட்கா சேர்த்தால் டர்ட்டி ஷெர்லி. இரண்டையுமே பத்து நிமிடத்தில் வீட்டில் செய்துவிடலாம். ஆனால் எந்த கிளாஸில் எவ்வளவு சர்க்கரை, எவ்வளவு ஆல்கஹால் என்பது கண்ணுக்கும் நாக்குக்கும் தெரியாது. அதற்கு அளவு தெரிய வேண்டும். செய்முறையோடு கணக்கையும் பார்த்துவிடலாம்.

யார் இந்த ஷெர்லி டெம்பிள்?

1928-ல் பிறந்த அமெரிக்க குழந்தை நட்சத்திரம். 1934-ல் வெளியான 'பிரைட் ஐஸ்' படத்தின்போது ஆறு வயது. அடுத்த ஆண்டே சிறப்பு ஆஸ்கர் விருது கிடைத்தது. 1935 முதல் 1938 வரை தொடர்ந்து நான்கு ஆண்டுகள் ஹாலிவுட்டில் வசூலில் முதலிடம்.

பெரியவர்கள் காக்டெயிலோடு உட்காரும் மேசையில் இந்தச் சிறுமிக்கும் ஒரு அலங்கார கிளாஸ் வேண்டும் என்று செய்யப்பட்டதுதான் இந்த பானம் என்பது பரவலான கதை. முதலில் செய்தது யார் என்பதில் போட்டி உண்டு. லாஸ் ஏஞ்சலிஸின் பிரவுன் டெர்பி, சேசன்ஸ் ஆகிய உணவகங்களும், ஹவாயின் ராயல் ஹவாயன் ஹோட்டலும் 'எங்களுடையது' என்று சொல்லிக்கொண்டன. 1986-ல் அமெரிக்க பொது வானொலிக்கு அளித்த பேட்டியில் ஷெர்லி டெம்பிள் பிரவுன் டெர்பியைத்தான் குறிப்பிட்டார். கூடவே, அந்த பானத்தின் அதீத இனிப்பு தனக்குப் பிடிக்கவே பிடிக்காது என்றும் சொன்னார். 1988-ல் தன் பெயரில் பாட்டில் சோடா விற்பதைத் தடுக்க நீதிமன்றத்துக்கும் போனார்.

பிற்காலத்தில் கானாவிலும் செக்கோஸ்லோவாகியாவிலும் அமெரிக்கத் தூதராகப் பணியாற்றிய அவர், 2014-ல் 85 வயதில் காலமானார். ஆனாலும் உலகம் முழுக்க பார்களில் அவர் பெயர் இன்னும் ஒரு சிவப்பு மாக்டெயிலாகத்தான் ஒலிக்கிறது.

டர்ட்டி ஷெர்லி எங்கிருந்து வந்தது?

சின்ன வயதில் ஷெர்லி டெம்பிள் குடித்தவர்கள் வளர்ந்த பிறகு அதிலேயே வோட்கா ஊற்றிக்கொண்டார்கள். அவ்வளவுதான். பார்களில் பல ஆண்டுகளாக இருந்த இந்த பானத்தை, 2022-ல் நியூயார்க் டைம்ஸ் அந்தக் கோடையின் பானம் என்று எழுதியது. அதன் பிறகு இன்ஸ்டாகிராம் வழியாக எல்லா ஊர்களுக்கும் பரவியது.

இதில் என்னென்ன இருக்கிறது?

மூன்றே பொருட்கள்: ஜிஞ்சர் ஏல், கிரெனடின் சிரப், ஒரு செர்ரி.

ஜிஞ்சர் ஏல் என்பது இஞ்சிச் சுவையுள்ள இனிப்பு சோடா. பெயரில் 'ஏல்' இருந்தாலும் மது இல்லை. ஜிஞ்சர் பீர் என்று விற்பது இதைவிடக் காரமானது, அதையும் பயன்படுத்தலாம். கிடைக்காவிட்டால் லெமன் சோடா வகைகளில் எதுவும் சரி. அமெரிக்காவிலேயே பல இடங்களில் அப்படித்தான் செய்கிறார்கள். ஜிஞ்சர் ஏலுக்குப் பதில் கோலா ஊற்றினால் அதன் பெயர் ராய் ராஜர்ஸ். அவரும் ஒரு நடிகர்தான். கௌபாய் படங்களின் ஹீரோ.

கிரெனடின் என்ற பெயர் மாதுளையைக் குறிக்கும் பிரெஞ்சு சொல்லில் இருந்து வந்தது. ஆனால் கடையில் கிடைக்கும் பல பாட்டில்களில் மாதுளையே கிடையாது; சர்க்கரைப் பாகு, சிவப்பு நிறம், செயற்கைச் சுவை மட்டும்தான். வாங்கும் முன் லேபிளைத் திருப்பிப் பாருங்கள். ரோஸ் சிரப் ஊற்றினால் நிறம் வரும், ஆனால் ருசி நம்ம ஊர் பன்னீர் சோடா பக்கம் போய்விடும். அதுவும் நல்லாத்தான் இருக்கும், ஆனால் அது வேறு பானம்.

செர்ரி விஷயத்திலும் ஒரு சின்ன ஏமாற்று உண்டு. பேக்கரிகளில் கேக் மேல் வைக்கும் சிவப்பு 'செர்ரி' பல நேரம் செர்ரியே இல்லை. களாக்காயைச் சர்க்கரைப் பாகில் ஊறவைத்து, சிவப்புச் சாயம் ஏற்றியது. அலங்காரத்துக்குத் தாராளமாகப் பயன்படுத்தலாம். தெரிந்து பயன்படுத்தினால் போதும்.

முதலில் கிரெனடின்: வீட்டில் செய்வது எப்படி?

மாதுளைக்கு நமக்குப் பஞ்சமில்லை. மகாராஷ்டிராவின் சோலாப்பூர் மாதுளைக்குப் புவிசார் குறியீடே இருக்கிறது. அடர் சிவப்பு நிறமுள்ள 'பகவா' ரகம் இதற்கு நன்றாக இருக்கும்.

1. இரண்டு அல்லது மூன்று பெரிய மாதுளைகளின் முத்துகளை மிக்ஸியில் போட்டு இரண்டு மூன்று முறை மட்டும் விட்டு விட்டு ஓட்டுங்கள். விதை அரைபட்டால் கசக்கும்.
2. மெல்லிய துணியில் வடிகட்டுங்கள். 200 மி.லி. சாறு வேண்டும்.
3. சாறோடு 200 கிராம் சர்க்கரை சேர்த்து, சிறு தீயில் கரையும் வரை மட்டும் சூடாக்குங்கள். கொதிக்கவிட்டால் பழத்தின் வாசம் போய்விடும்.
4. ஆறியதும் ஒரு டீஸ்பூன் எலுமிச்சைச் சாறு சேர்த்து, சுத்தமான கண்ணாடி பாட்டிலில் ஊற்றி ஃபிரிட்ஜில் வையுங்கள்.

சுமார் 300 மி.லி. சிரப் கிடைக்கும். இரண்டு வாரத்துக்குள் தீர்த்துவிடுங்கள். நுரை வந்தாலோ புளித்த வாசம் வந்தாலோ கொட்டிவிட வேண்டியதுதான். கடை கிரெனடின் அளவுக்குப் பளீர் சிவப்பு வராது. கவலை வேண்டாம், மாதுளையின் நிறம் அதுதான்.

ஷெர்லி டெம்பிள்: ஒரு கிளாஸுக்கு

- கிரெனடின்: 15 மி.லி. (ஒரு டேபிள்ஸ்பூன்)
- எலுமிச்சைச் சாறு: 10 மி.லி. (இரண்டு டீஸ்பூன்)
- நன்றாகக் குளிர்ந்த ஜிஞ்சர் ஏல்: 150 மி.லி.
- ஐஸ், ஒரு செர்ரி

உயரமான கிளாஸில் ஐஸை நிரப்புங்கள். எலுமிச்சைச் சாறு, பிறகு ஜிஞ்சர் ஏல். கடைசியாக கிரெனடினை கிளாஸின் ஓரமாக மெதுவாக விடுங்கள். சிரப் அடர்த்தியானது என்பதால் தானாகவே அடியில் போய்த் தங்கும். போட்டோவில் பார்க்கும் அந்த இரண்டு நிறம் இப்படித்தான் வருகிறது. போட்டோ எடுத்த பிறகு ஒருமுறை கலக்கிவிட்டுக் குடியுங்கள்.

பழைய செய்முறைகள் பலவற்றில் எலுமிச்சை இருக்காது. ஆனால் ஷெர்லி டெம்பிளே குறை சொன்ன அந்தத் திகட்டலைக் குறைப்பது இந்த இரண்டு டீஸ்பூன் புளிப்புதான்.

ஒரு கிளாஸில் எவ்வளவு சர்க்கரை?

இப்போது கணக்குக்கு வருவோம். ஜிஞ்சர் ஏலில் பொதுவாக 100 மி.லி.க்கு 8 முதல் 10 கிராம் சர்க்கரை இருக்கும். நடுவில் 9 என்று வைத்தால், 150 மி.லி.யில் சுமார் 14 கிராம். மேலே சொன்ன அளவில் செய்த கிரெனடின் 15 மி.லி.யில் சுமார் 10 கிராம். மொத்தம் 24 கிராம். அதாவது ஆறு டீஸ்பூன். பாகில் ஊறிய செர்ரி இந்தக் கணக்கில் இல்லை.

உணவிலும் பானங்களிலும் சேர்க்கும் சர்க்கரை, தேன், சிரப், பழச்சாறு ஆகியவற்றில் உள்ள சர்க்கரை என எல்லாம் சேர்த்து தினசரி ஆற்றலில் 10 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும், 5 சதவீதத்துக்குள் இருந்தால் இன்னும் நல்லது என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஒரு நாளைக்கு 2,000 கலோரி எடுப்பவருக்கு அது முறையே 50 கிராம், 25 கிராம். ஆக, ஒரே கிளாஸில் அந்த 25 கிராம் முடிந்துவிடுகிறது. 'மது இல்லை, அதனால் ஹெல்தி' என்று நினைத்து நான்கு கிளாஸ் குடித்தால், கிட்டத்தட்ட 100 கிராம் சர்க்கரை.

பாதி இனிப்பு வேண்டுமா? கிரெனடினை 10 மி.லி. ஆக்குங்கள். ஜிஞ்சர் ஏல் 75 மி.லி., சாதா சோடா 75 மி.லி. சர்க்கரை சுமார் 14 கிராமுக்கு இறங்கிவிடும். இரண்டு மெல்லிய இஞ்சித் துண்டுகளை நசுக்கிப் போட்டால் காரமும் குறையாது. எனக்கு இதுதான் ஒரிஜினலைவிடப் பிடித்திருக்கிறது.

டர்ட்டி ஷெர்லி: ஒரு கிளாஸுக்கு

மேலே சொன்ன அதே பொருட்கள், அதே அளவு. ஐஸ் போட்டதும் முதலில் 30 மி.லி. வோட்காவை ஊற்றிவிட்டு மற்றவற்றைச் சேர்க்க வேண்டும். பார்களில் 45 அல்லது 60 மி.லி. ஊற்றுவார்கள். வீட்டில் 30 போதும் என்பதற்கான காரணம் கீழே இருக்கிறது.

ஆல்கஹால் கணக்கு எப்படிப் போடுவது?

சூத்திரம் சிம்பிள்: மி.லி. அளவு × ஆல்கஹால் சதவீதம் × 0.79. விடை கிராமில் கிடைக்கும். இந்தியாவில் விற்கும் வோட்கா பெரும்பாலும் 42.8 சதவீதம்.

- 30 மி.லி.: சுமார் 10 கிராம் ஆல்கஹால்
- 45 மி.லி.: சுமார் 15 கிராம்
- 60 மி.லி.: சுமார் 20 கிராம்

ஒப்பிட்டுப் பார்க்க: 5 சதவீத பீர் ஒரு சின்ன பாட்டிலில் (330 மி.லி.) சுமார் 13 கிராம். அதாவது லார்ஜ் ஊற்றிய ஒரு டர்ட்டி ஷெர்லி, ஒன்றரை பீருக்குச் சமம். ஆனால் பீரின் கசப்பு 'மெதுவா குடி' என்று சொல்லும். இங்கே இஞ்சி, மாதுளை, 24 கிராம் சர்க்கரை என மூன்றும் சேர்ந்து வோட்காவை மறைத்துவிடுகின்றன. ஜூஸ் மாதிரி இறங்கும். தோழி பாதி கிளாஸ் குடித்தும் கண்டுபிடிக்க முடியாமல் போனதற்குக் காரணம் இதுதான்.

குத்துமதிப்பாக ஊற்றினால் 30 என்பது எளிதாக 50 ஆகிவிடும். சில நூறு ரூபாய்க்குள் ஒரு பெக் மெஷர் கிடைக்கும், வாங்கிவிடுங்கள். 10 கிராம் ஆல்கஹாலை வெளியேற்ற உடலுக்கு ஒரு மணி நேரமோ அதற்கு மேலோ ஆகும். காபியோ பச்சைத் தண்ணீர்க் குளியலோ அதை வேகப்படுத்தாது.

ஒரு விஷயம் நேராகச் சொல்லிவிட வேண்டும். 'பாதுகாப்பான அளவு' என்று எதுவும் மதுவுக்கு இல்லை என்று 2023 ஜனவரியில் உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. குடிப்பதில்லை என்றால், இந்தக் கட்டுரையைப் படித்து ஆரம்பிக்க வேண்டிய அவசியம் எதுவும் இல்லை.

சட்டம் என்ன சொல்கிறது?

மது மாநிலப் பட்டியலில் இருப்பதால் விதிகள் ஊருக்கு ஊர் மாறும். குறைந்தபட்ச வயது கோவாவில் 18, தமிழ்நாட்டில் 21, கேரளாவில் 23. மகாராஷ்டிராவில் வோட்கா போன்றவற்றுக்கு 25. குஜராத்திலும் பிகாரிலும் மதுவிலக்கு. வீட்டில் எவ்வளவு பாட்டில் வைத்திருக்கலாம் என்பதற்கும் மாநிலத்துக்கு மாநிலம் வரம்பு உண்டு. வேலைக்காக வேறு ஊருக்கு மாறியவர்கள், பழைய ஊர் விதியை மனதில் வைத்துக்கொண்டு பார்ட்டி ஏற்பாடு செய்யாதீர்கள்.

வண்டி ஓட்டும் விஷயத்தில் மட்டும் நாடு முழுக்க ஒரே விதி. மோட்டார் வாகனச் சட்டத்தின் 185-வது பிரிவின்படி, 100 மி.லி. ரத்தத்தில் 30 மி.கி.க்கு மேல் ஆல்கஹால் இருந்தால் குற்றம். முதல் முறை 10,000 ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். எத்தனை கிளாஸில் அந்த அளவைத் தாண்டுவோம் என்பது எடை, பாலினம், சாப்பிட்டிருக்கிறோமா என்பதைப் பொறுத்து ஆளுக்கு ஆள் மாறும். அதனால் இங்கே கணக்கு போடாதீர்கள். குடித்தால் வண்டியைத் தொடாதீர்கள். 'தெரியாமல் குடித்துவிட்டேன்' என்பது ஊதும் கருவிக்குத் தெரியாது.

பார்ட்டி உங்கள் வீட்டிலா? இதையும் கவனியுங்கள்

- இரண்டு பானங்களுக்கும் ஒரே மாதிரி கிளாஸ் வேண்டாம். ஷெர்லி டெம்பிளுக்கு உயரமான கிளாஸ் என்றால், டர்ட்டி ஷெர்லிக்குக் குட்டை கிளாஸ்.
- அலங்காரத்தையும் மாற்றுங்கள். மது இல்லாததில் செர்ரி, மது உள்ளதில் எலுமிச்சை வில்லை.
- வோட்காவை ஜக்கில் மொத்தமாகக் கலக்காதீர்கள். ஜக்கில் மாக்டெயில் மட்டும் இருக்கட்டும். வேண்டியவர்களுக்கு அவரவர் கிளாஸில் அளந்து ஊற்றுங்கள்.
- குழந்தைகள் வருகிறார்கள் என்றால் டர்ட்டி ஷெர்லியே வேண்டாம். சிவப்பும் செர்ரியும் அவர்களைத்தான் முதலில் இழுக்கும்.
- 'வேண்டாம்' என்று ஒருவர் சொன்னால் காரணம் கேட்காதீர்கள். மாத்திரை எடுப்பவராக இருக்கலாம், கர்ப்பமாக இருக்கலாம், மதுவை விட்டவராக இருக்கலாம், சும்மா பிடிக்காமலும் இருக்கலாம்.

எல்லோர் கையிலும் கிளாஸ் இருக்கும்போது குடிக்காதவர் தனித்துத் தெரியக்கூடாது என்பதற்காகத்தான் இந்த மாக்டெயிலே பிறந்தது. வெறும் தண்ணீர் பாட்டிலோடு ஓரமாக நின்ற அனுபவம் உள்ளவர்களுக்கு அதன் அருமை தெரியும். ஆனால் அந்த கிளாஸில் மது இல்லை என்று நம்பிக் குடிக்க முடிந்தால்தான் அதற்கு அர்த்தம். அந்த நம்பிக்கையைக் காப்பாற்ற வேண்டியது, கலந்து கொடுப்பவரின் பொறுப்பு.