விடுபடும் உறவு: ஆங்கில முன்னிடைச்சொல்லும் தமிழ்ப் பெயரெச்சமும்

‘தி பென் விச் ஐ ரோட்’ என்று ஒரு மாணவர் எழுதுகிறார். ‘நான் எழுதிய பேனா’ என்பதே அவர் சொல்ல வந்தது. பேனாவால் எழுதினார் என்பது தமிழில் தானே விளங்கிவிடுகிறது. ஆங்கிலத் தொடரோ பேனாவையே எழுதிவிட்டதாகச் சொல்கிறது. ‘வித்’ என்ற முன்னிடைச்சொல் விடுபட்டதால் கருவி செயப்படுபொருளாக மாறிவிட்டது. இதைத் திருத்த வரும் வகுப்பறை பெரும்பாலும் வேறொரு கேள்விக்குள் போய்விடுகிறது: முன்னிடைச்சொல்லை ‘விச்’சுக்கு முன்னால் வைப்பதா, தொடரின் கடைசியில் விடுவதா? கடைசியில் விடுவது பிழை என்றும் அழுத்திச் சொல்லப்படுகிறது. அந்த விதிக்கு ஆங்கில மொழி வரலாற்றில் வலுவான ஆதாரம் இல்லை. தமிழ் மாணவரின் இடர்ப்பாடு முன்னிடைச்சொல் நிற்கும் இடத்தில் இல்லை. அது நிற்கவே இல்லை என்பதில்தான் இருக்கிறது.

பழைய ஆங்கிலத்தில் இரண்டு அமைப்புகளும் இருந்தன. ‘தெ’ என்ற மாறா இடைச்சொல் தொடரைத் தொடங்கினால் முன்னிடைச்சொல் உள்ளே வினையருகிலேயே தங்கியது. வேற்றுமைக்கேற்ப உருமாறும் ‘ஸே’ என்ற சுட்டுப்பெயர் வந்தால், முன்னிடைச்சொல் அதற்கு முன்னால் போய் நின்றது. ‘தெ’ வழக்கொழிந்தபின் அதன் வேலையை ‘தட்’ ஏற்றது. வினாச் சொற்களாக இருந்த ‘விச்’, ‘ஹூம்’ ஆகியவை மெல்லத் தொடர்புப் பெயர்களாயின. தொடக்க காலத்தில் அவை முன்னிடைச்சொல்லை அடுத்தே அதிகம் வந்தன.

இன்றைய ஆங்கிலத்தின் ஒரு கண்டிப்பான விதி இந்த வரலாற்றோடு பொருந்துகிறது. ‘தி ஹவுஸ் இன் விச் ஐ லிவ்’ சரி. ‘தி ஹவுஸ் தட் ஐ லிவ் இன்’ என்பதும் சரி. ‘தி ஹவுஸ் இன் தட் ஐ லிவ்’ மட்டும் ஒருபோதும் வராது. பாடநூல்கள் இதை விதிவிலக்காகக் காட்டிக் கடந்துவிடுகின்றன. என் பார்வையில் இதுவே மையம். மொழியியலாளர் ஓட்டோ யெஸ்பர்சன் 1927இல் வாதிட்டதுபோல, இந்த ‘தட்’ பெயரே அன்று. ‘ஐ நோ தட்’ என்று தொடங்கும் வாக்கியத்தில் வருகிற அதே இடைச்சொல். ஆளுக்கும் பொருளுக்கும் அது வேறுபடுவதில்லை, வேற்றுமைக்கு உருமாறுவதுமில்லை. முன்னிடைச்சொல் பற்றிக்கொள்ள ஒரு பெயர் வேண்டும். அங்கே பெயர் இல்லை.

‘கடைசியில் விடாதே’ என்ற தடையின் கதை வேறு. கவிஞர் ஜான் டிரைடன் 1672இல் பென் ஜான்சனின் நடையில் இதைக் குறையாகச் சுட்டினார். 1668இல் வந்த தம் நாடகக் கட்டுரையை 1684ஆம் ஆண்டுப் பதிப்புக்காகத் திருத்தியபோது தம் வாக்கியங்களிலும் முன்னிடைச்சொற்களை முன்னுக்கு நகர்த்தினார். 1762இல் இலக்கணம் எழுதிய ராபர்ட் லௌத் இதைப் பிழை என்று ஒதுக்கவில்லை. பேச்சுக்கும் எளிய நடைக்கும் பொருந்துவது, உயர்நடைக்கு மற்றதே அழகு என்றார். அதைச் சொன்ன வாக்கியத்திலேயே அவர் முன்னிடைச்சொல்லைப் பின்னால் விட்டிருக்கிறார். மற்றோர் இலக்கண ஆசிரியர் லிண்ட்லி மர்ரி 1795இல் அந்தக் கருத்தை எடுத்தாண்டபோது வாக்கியத்தைத் திருத்தி, முன்னிடைச்சொல்லை ‘விச்’சுக்கு முன்னால் கொண்டுபோனார். நடைபற்றிய ஒரு பரிந்துரை விதியாக இறுகிய வழியை இந்தத் திருத்தத்திலேயே காண்கிறேன். 1926இல் ஆங்கில வழக்குக் கையேடு எழுதிய ஃபவுலர் இந்தத் தடையை மூடநம்பிக்கை என்றே எழுதினார். ஆனாலும் அது பள்ளிகளை விட்டுப் போகவில்லை.

இடம் பொருட்டே இல்லை என்று சொல்ல வரவில்லை. ‘லுக் ஆஃப்டர்’ போல வினையோடு ஒட்டிப் புதுப்பொருள் தரும் சொல்லைப் பிரித்து ‘தி சைல்ட் ஆஃப்டர் ஹூம் ஷி லுக்டு’ என்றால் காது ஏற்காது. ‘டியூரிங்’ போன்றவை பின்னால் தங்க விரும்புவதில்லை. இவற்றை விதியாக உருப்போடுவதைவிட வாசித்துப் பழகுவதே நல்லது.

தமிழில் தொடர்புப் பெயர் வேண்டியதில்லை. பெயரெச்சமே அந்த வேலையைச் செய்கிறது. நிலம், பொருள், காலம், கருவி, வினைமுதல், வினை என்ற ஆறையும் அது ஒரே வடிவில் தழுவும் எனத் தொல்காப்பியம் சொல்கிறது. ஒரே வடிவில் என்பதுதான் இங்கே முக்கியம். ‘அவன் வந்த ஊர்’ என்றால் அவன் வந்துசேர்ந்த ஊரா, புறப்பட்டு வந்த ஊரா? இரண்டும் ஆகலாம், கேட்பவர் இடம்பார்த்துப் புரிந்துகொள்கிறார். ஆங்கிலத்தில் ‘டு’ அல்லது ‘ஃப்ரம்’ சொல்லியே ஆக வேண்டும். தமிழுக்கும் இதில் எல்லை உண்டு. உடன் சென்ற நண்பனை ‘நான் சென்ற நண்பன்’ என்று சொல்ல முடியாது. வினைமுதலை மாற்றி ‘என்னோடு வந்த நண்பன்’ என்கிறோம்.

எனவே மாணவரிடம் முதலில் கேட்க வேண்டியது, எழுதியது பேனாவையா, பேனாவாலா என்பதே. பெயரெச்சத்துக்குள் மறைந்திருக்கும் உருபைத் தமிழிலேயே வெளியே எடுத்துவிட்டால் ‘வித்’ தானாக வந்து நிற்கும். இடத்தைப் பற்றி மட்டுமே அஞ்சப் பழகிய மாணவர் ‘இன் விச் ஐ லிவ் இன்’ என்று இரண்டு முனையிலும் வைத்து எழுதுவதையும் காண்கிறோம்.

ஆங்கிலமே இந்த உறவைச் சொல்லாமல் விடுகிற இடங்களும் உண்டு. ‘தி டே வி மெட்’, ‘தி வே ஹி டாக்ஸ்’ ஆகியவற்றில் முன்னிடைச்சொல் எங்கும் இல்லை, யாரும் தேடுவதும் இல்லை. ‘நாங்கள் சந்தித்த நாள்’, ‘அவர் பேசும் விதம்’ என்பவற்றோடு அவை அச்சாகப் பொருந்துகின்றன. நாள், விதம் என்ற பெயர்களே உறவைச் சொல்லிவிடுகின்றன. பேனாவுக்கு ஆங்கிலம் அந்தச் சலுகையைத் தருவதில்லை.