செங்குத்து நில அமைப்புகளின் அதிர்வலைப் படமாக்கம்

பூமிக்குள் செங்குத்தாகவோ, மேலே போகப் போக வெளிப்புறம் துருத்தியோ நிற்கும் பாறைச் சுவர்களைச் செயற்கை அதிர்வலைகளின் எதிரொலி கொண்டு படமாக்கும் துறை இது. மெக்சிகோ வளைகுடாவின் எண்ணெய்த் தேடலில் பெரிதும் வளர்ந்தது. அங்கே ஜுராசிக் காலத்து உப்பு, தன்மேல் படிந்த வண்டலைத் துளைத்துக் குவிமாடங்களாக எழுந்து நிற்கிறது. அவற்றின் விலாவை ஒட்டி எண்ணெய் தேங்குகிறது.

கிடையான அடுக்கில் பட்ட அலை மேலே திரும்பும். சுவரில் பட்டது பக்கவாட்டில் ஓடி, எதிரொலியைப் பதியும் ஏற்பிகளை எட்டாமலே போகலாம். எட்டினாலும், ஏற்பிக்கு நேர் கீழிருந்து வந்ததாகவே முதலில் வரையப்படும். இதனால் சரிவு குறைந்து தெரியும்: அலைவேகம் சீரான நிலத்தில் 90 பாகைச் சுவரும் 45 பாகையாகவே காணும். எதிரொலியை உரிய இடத்துக்கு நகர்த்தும் கணக்கீட்டுக்கு 1970களில் ஸ்டான்ஃபோர்டின் ஜான் கிளேர்பௌட் அலைச் சமன்பாட்டைக் கையாண்டார். அவரது தொடக்கச் சமன்பாடு ஏறக்குறைய 15 பாகைச் சரிவு வரையே துல்லியமானது. பின்வந்தவை இந்த வரம்பை உயர்த்தின; ஆனாலும் அலை ஒரே திசையில் இறங்குவதாகவே கொண்டன. ஆழத்தில் வளைந்து மேலேறி, துருத்திய சுவரை அடியிலிருந்து தொடும் அலை அந்தக் கணக்கில் சேரவில்லை.

1983இல் வெளியான காலத்திருப்ப முறை இந்தத் தடையை உடைத்தது. பதிவான அதிர்வைக் கடைசி நொடியிலிருந்து பின்னோக்கி, கணினி மாதிரி நிலத்துக்குள் செலுத்துவார்கள். மூலத்திலிருந்து புறப்பட்ட அலையை முன்னோக்கிச் செலுத்துவார்கள். இரண்டும் ஒரே கணத்தில் பொருந்தும் இடமே எதிரொலித்த பரப்பு. அழகான கருத்து, ஆனால் முப்பரிமாணத்தில் அலையின் அதிர்வெண்ணை இருமடங்காக்கினால் கணிப்பு வேலை 16 மடங்காகும். அதனால் முப்பரிமாணத்தில் அன்றாடப் பயன்பாட்டுக்கு வர ஏறத்தாழ கால் நூற்றாண்டு ஆனது.

அப்போதும் வேக மாதிரி, அதாவது நிலத்தின் எப்பகுதியில் அலை எவ்வளவு வேகத்தில் செல்லும் என்ற கணிப்பு, தவறானால் சுவர் தவறான இடத்தில்தான் விழும். உப்பில் அலை நொடிக்குச் சுமார் 4,500 மீட்டர் வேகத்தில் செல்கிறது, சுற்றியுள்ள வண்டலில் பெரும்பாலும் அதைவிட மெதுவாக. ஆகவே உப்பின் எல்லையைச் சற்றுப் பிழையாக வரைந்தாலும் அதன் கீழுள்ள எல்லாமே கோணலாகிவிடும். இன்றைய முன்னேற்றத்தின் உயிர்நாடி வேக மாதிரியே என்று சொல்லலாம். ஆல்பர்ட் டரன்டோலா 1984இல் வகுத்த முழு அலைவடிவப் பின்கணிப்பு, கணித்த அலையும் பதிவான அலையும் ஒத்துப்போகும்வரை மாதிரியைத் திருத்துகிறது. மெக்சிகோ வளைகுடாவின் தண்டர் ஹார்ஸ் எண்ணெய் வயலில் இவ்வகைக் கணிப்பால் கூடுதலாக 100 கோடி பீப்பாய் எண்ணெய் இருப்பதை அடையாளம் கண்டதாக பிபி நிறுவனம் 2019இல் அறிவித்தது.